மாடியில் செம்பருத்தி: எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது?

செம்பருத்தி வைத்திருக்கும் வீடுகளில் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். மொட்டு உதிர்கிறது, வெள்ளையாகப் பஞ்சு பிடித்திருக்கிறது, இலை மஞ்சளாகிறது. என் தொட்டிகளிலும் அக்கம்பக்கத்து மாடிகளிலும் இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிசெய்ததில் ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். உங்கள் செடியில் தெரியும் அறிகுறி எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

ஒரு விஷயம் மட்டும் எல்லாத் தலைப்புக்கும் பொது. இந்தப் பூவை எண்ணெயில் போட்டுக் காய்ச்சுகிறோம், இதழைப் பச்சையாக மெல்லுகிறோம், காயவைத்துத் தேநீர் போடுகிறோம், இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிறோம். ஆகவே ரோஜாவுக்கு அடிக்கும் மருந்தை இதற்கு அடிக்கக் கூடாது. இமிடாகுளோபிரிட், டைமெத்தோயேட் போன்றவை செடியின் சாற்றுக்குள்ளேயே ஊடுருவி நிற்பவை. பூவை எத்தனை முறை அலசினாலும் போகாது. நர்சரியில் வாங்கிய புதுச்செடிக்கு அங்கே என்ன அடித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதனால் முதல் மூன்று மாதப் பூக்கள் சாமிக்கு மட்டும், வாய்க்கு வேண்டாம் என்பது என் வீட்டுக் கணக்கு.

## மொட்டு விரியாமலே உதிர்கிறது

பூ விரிந்து அன்று சாயங்காலமோ மறுநாளோ விழுந்தால் அது கோளாறே இல்லை. செம்பருத்திப் பூவின் ஆயுள் ஒரு நாள்தான், சில கலப்பின ரகங்களில் இரண்டு நாள். பச்சை மொட்டாகவே காம்போடு விழுந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் தண்ணீர். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். மேலே ஈரமாகத் தெரிந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். ஒரு நாள் மறந்துவிட்டு மறுநாள் இரண்டு மடங்கு ஊற்றும் வீடுகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். ஏப்ரல், மே வெயிலில் மொட்டைமாடித் தொட்டிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். தென்னை நார்க்கழிவு அதிகம் போட்ட கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே வாங்காது. ஊற்றியது அப்படியே ஓரமாக இறங்கி அடித் துளை வழியாக ஓடிவிடும். நாமோ ஊற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் தெரியும், தண்ணீர் விட்ட பிறகும் கனமே இருக்காது. அப்படியானால் அகலமான டப்பில் பாதி அளவு தண்ணீர் வைத்து, தொட்டியை அரை மணி நேரம் அதற்குள் நிறுத்துங்கள். மேல்மண் கறுத்து ஈரம் ஏறியதும் எடுத்துவிடலாம்.

சமீபத்தில் இடம் மாற்றினீர்களா? நர்சரியிலிருந்து வீட்டுக்கு, நிழலிலிருந்து வெயிலுக்கு, பழைய தொட்டியிலிருந்து புதிதுக்கு என்று எந்த மாற்றம் நடந்தாலும் இருக்கிற மொட்டுகளைச் செடி உதறிவிடும். இரண்டு மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் விடுங்கள். அடுத்த மொட்டுகள் நிற்கும்.

இந்த இரண்டும் இல்லையென்றால் மொட்டைப் பிளந்து பாருங்கள். விழுந்த மொட்டு ஒன்றை எடுத்து, நகத்தால் நீளவாக்கில் கீறி, வெளிச்சத்தில் பிடியுங்கள். சுருட்டிய இதழ்களுக்கு நடுவே ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில், வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. உள்ளங்கையில் விட்டால் சில சட்டென்று துள்ளும். அடுக்குச் செம்பருத்தியில் இது கூடுதல். மல்லிகை மொட்டிலும் இதே வகை ஈ முட்டையிடும் என்பதால் பக்கத்துத் தொட்டியில் மல்லிகை இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தப் புழு மொட்டோடு கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாக மேலே வரும். வழியை மறிக்க வேண்டிய இடமும் மண்தான். விழுந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்குங்கள். செடியில் மஞ்சளடித்து நிற்கும் மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுகக் கட்டி, வெயிலில் இரண்டு நாள் வைத்த பிறகு குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழியில் மட்டும் போட வேண்டாம், அங்கேதான் அது நிம்மதியாக வளரும். தொட்டியின் மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, புது மண்ணோடு ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு கலந்து போடுங்கள்.

புழு இல்லை, ஆனால் மொட்டின் நுனி கருகியிருக்கிறது என்றால் ஒரு வெள்ளைத் தாளின் மேல் மொட்டைத் தட்டுங்கள். மெல்லிய கோடு போல மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஏதாவது ஓடினால் இலைப்பேன். அதற்கு அடுத்த தலைப்பில் சொல்லும் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும்.

*எப்போது ஆளைக் கேட்பது (யாரை என்பது கடைசித் தலைப்பில்):* தினமும் பொறுக்கி, மேல்மண்ணும் மாற்றி, ஒரு மாதம் கழித்தும் மொட்டுக்குள் புழு இருந்தால்.

## தண்டிலும் கொழுந்திலும் வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. செம்பருத்தி வைத்திருப்பவர்களில் இதைப் பார்க்காதவர்கள் கிடையாது.

பூச்சியைத் தேய்ப்பதற்கு முன்னால் எறும்பைத் தேடுங்கள். தண்டில் எறும்புச் சாரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், பூச்சியை எத்தனை முறை கழுவினாலும் திரும்ப வரும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, அதைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. சாரை எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் சுவர் விரிசலாகவோ அதே தொட்டியின் அடியாகவோ இருக்கும். தொட்டியின் அடியில் என்றால் அதைத் தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் வைத்து ஒரு வாரம் ஏற்றி வையுங்கள். சுவரிலிருந்து என்றால் செடியின் எந்த இலையும் சுவரைத் தொடாதபடி தள்ளி வைத்து, அடித்தண்டில் ஒரு சுற்று டேப் ஒட்டி, டேப்பின் மேல் வாஸ்லின் தடவுங்கள். தண்டின் மேல் நேராகத் தடவ வேண்டாம்.

அப்புறம் பஞ்சு. கொழுந்து முழுவதும் பிடித்துக் கோணிப்போயிருந்தால் கத்தரித்துப் பையில் கட்டிவிடுங்கள், அதைக் காப்பாற்றிப் பயனில்லை. மற்ற இடங்களில் ஓஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தி, இலைக்கு அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் லேசான தாக்குதல் இத்தோடு அடங்கிவிடும். பல வீடுகளில் இதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.

அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 5 கிராம் காதி சோப்பு. கலக்கும் முறையில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். சோப்பைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, எண்ணெயை அதில் விட்டு, பால் போல வெள்ளையாகும்வரை அடித்துக் கலக்க வேண்டும். மீதித் தண்ணீர் பிறகுதான். எண்ணெய் மேலே கண் கண்ணாக மிதந்தால் அந்தக் கரைசலை அடிக்காதீர்கள், இலை வெந்துபோகும். வெயில் இறங்கிய பிறகு, முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து, மறுநாள் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் அடியுங்கள். பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைகளுக்கு இது எட்டாது. அதனால் வாரம் ஒருமுறை வீதம் மூன்று முறை அடித்தே தீர வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம். மழைக்காலத்தில், காற்றில் ஈரம் இருக்கும்போது, பூச்சியைத் தாக்கும் வெர்ட்டிசிலியம் லெக்கானி என்ற பூஞ்சாணத் தூளை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து அடிக்கலாம். கோடையில் அது பிடிக்காது, காசு வீண்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். பஞ்சுக் கூட்டத்துக்கு நடுவே, மற்றவற்றைவிடப் பெரிதாக, நூல் நூலாக மெழுகு தொங்க, வேகமாக நடக்கும் ஒரு வெள்ளைப் புழு இருக்கிறதா? மாவுப்பூச்சி மெதுவாக நகரும், இது ஓடும். இது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் குஞ்சு, மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது. இது இருந்தால் எதையும் அடிக்காமல் பத்து நாள் விட்டுவிடுங்கள். உப்பிப்போய், பழுப்பாக, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மாவுப்பூச்சிகளையும் விட்டுவையுங்கள். அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கும்.

அந்தக் குளவியின் மதிப்பைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஏறி, வீட்டுச் செம்பருத்திகளையும் மூடியது. மருந்தடித்தவர்களுக்குச் செலவுதான் மிச்சம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. மாடியில் கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிகள்தான்.

*எப்போது ஆளைக் கேட்பது:* மூன்று சுற்று முடிந்தும் புதுக்கொழுந்தில் பஞ்சு வந்தால், அல்லது செடி ஆளுயர மரமாகி உங்களால் எட்ட முடியாவிட்டால்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை, எப்படி மஞ்சள் என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

அடியில் ஒன்றிரண்டு மட்டும்: வயதான இலை. விடுங்கள்.

அடி இலைகள் பரவலாக, நரம்போடு சேர்ந்து வெளிறினால்: செடிக்குப் பசி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். கடலைப்பிண்ணாக்கு ஊறவைத்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றினாலும் சரி.

கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், உப்பான போர்த் தண்ணீரால் அதைச் செடியால் எடுக்க முடிந்திருக்காது. தொட்டியின் விளிம்பையும் அடித்தட்டையும் பாருங்கள். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் காரணம் உறுதி. இந்த நிலையில் அடுப்புச் சாம்பல் போட்டால் இன்னும் மோசமாகும். பூ வரட்டும் என்று டிஏபி உரம் போடுவதும் அப்படித்தான், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடக் கூட இரும்பு இன்னும் கிடைக்காமல் போகும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் போர்த் தண்ணீரில் உள்ள உப்பு இன்னும் செறிவாக இருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீர் நல்லது, மழைநீர் அதைவிட நல்லது. மழைநாளில் தொட்டியைத் திறந்தவெளியில் வைத்து, அடியில் தாராளமாக வழிந்தோட விடுங்கள்.

அதற்கும் கொழுந்து தெளியாவிட்டால், உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. தரையில் சிந்தினால் துருக்கறை பிடிக்கும், டைல்ஸ் போட்ட மாடியில் சாக்கு விரித்துவிட்டுச் செய்யுங்கள்.

பழைய இலையில் நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள்: மெக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், மாதம் இருமுறை.

மண் எப்போதும் ஈரம், செடி முழுக்க மஞ்சள்: ‘திடீரென்று தொங்கிவிட்டது’ என்ற தலைப்புக்குப் போங்கள்.

*எப்போது ஆளைக் கேட்பது:* அன்னபேதி இரண்டு முறை தெளித்தும் புதுக்கொழுந்து மஞ்சளாகவே வந்தால், மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதற்கு மேல் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

## இலை செழிப்பு, மொட்டே இல்லை

வெயில் எத்தனை மணி நேரம் நேராக விழுகிறது என்று ஒரு நாள் பாருங்கள். ஐந்தாறு மணி நேரத்துக்குக் குறைந்தால் உரம் எதைப் போட்டாலும் பூக்காது. வெயில் சரி என்றால் கத்தரிக்கோல். செம்பருத்தி புதுக்கிளையில்தான் மொட்டு வைக்கும். ஒரு வருடம் வெட்டாத செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள், கடுங்கோடையில் மட்டும் வேண்டாம். வெட்டியும் வரவில்லையென்றால், சாணமும் பிண்ணாக்கும் மிஞ்சிப்போய் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறியிருக்கும். இரண்டு மாதம் அதை நிறுத்தி, வாழைப்பழத்தோலைக் காயவைத்துப் பொடித்துப் போடுங்கள். கடைசியாகத் தொட்டி. 12 அங்குலத்துக்குக் குறைந்தால் மாற்ற வேண்டியதுதான்.

## இலை சுருண்டு கோணுகிறது

இலையைத் திருப்பிப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக ஒட்டியிருந்தால் அசுவினி, தண்ணீர் பீய்ச்சினாலே போகும். மெல்லிய நூலாம்படையும் இலைமேல் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகளும் இருந்தால் சிலந்திப்பேன். கோடையில் வரும். ஒரு வாரம் தினமும் இலையின் அடிப்பக்கத்தை நனையுங்கள், வறட்சி போனால் அதுவும் போகும். இரண்டுக்கும் மிஞ்சினால் மேலே சொன்ன வேப்பெண்ணெய்.

பூச்சியே இல்லை, இலை கிண்ணம் போலக் குழிந்து, அடியில் நரம்பு தடித்து, அதன்மேல் குட்டி இலை முளைத்தது போலத் துருத்தல் இருக்கிறதா? அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். இதற்கு எந்தக் கரைசலும் கிடையாது. செடியைப் பிடுங்கி அகற்ற வேண்டும், அதிலிருந்து குச்சி ஒடித்து யாருக்கும் கொடுக்கக் கூடாது. வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம். வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி மூன்றும் இரண்டிலும் மாறி மாறி ஏறும், தொட்டிகளை ஒட்டி வைக்காதீர்கள்.

*எப்போது ஆளைக் கேட்பது:* பல வருடச் செடியாக இருந்தால் பிடுங்குவதற்கு முன் ஒரு கிளையைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

## இலைமேல் கரி பூசியது போல

கரும்பூசணம். பூச்சி கழித்த இனிப்பின்மேல் படர்வது, செடிக்குள் போகாது. ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். செடி பெரிதென்றால் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கஞ்சியாக்கி, ஆறியதும் தெளியுங்கள். காய்ந்ததும் கரியோடு செதிலாக உதிரும். செம்பருத்தியில் பூச்சியே இல்லாமல் கரி மட்டும் வந்தால் தலைக்கு மேலே தென்னை இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னை ஓலைக்கு அடியில் இருந்துகொண்டு கீழே உள்ள எல்லாவற்றின் மேலும் இனிப்பைச் சொட்டும். தொட்டியை நகர்த்துவதுதான் வழி.

## திடீரென்று தொங்கிவிட்டது

மண் காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள், சாயங்காலத்துக்குள் நிமிரும். மதிய வெயிலில் தொங்கி இரவில் தானாக நிமிர்ந்தாலும் பயமில்லை.

மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடித் துளையில் குச்சி விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் உரிந்து கையோடு வந்து, அழுகல் வாடை அடித்தால் வேரழுகல். அழுகியதை வெட்டி, மேலேயும் பாதிக் கிளைகளைக் குறைத்து, மணல் கூட்டிய புது மண்ணில் வேரழுகலைத் தடுக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சாணத் தூளை ஒரு கைப்பிடி கலந்து நட்டு, நிழலில் வையுங்கள். பாதிக்கு மேல் வேர் அழுகியிருந்தால் பிழைப்பது அரிது. அதனால் அதே நாளில் நல்ல கிளையில் பென்சில் கனத்தில் குச்சிகள் வெட்டி நட்டுவையுங்கள். நாட்டுச் சிவப்பு ஒற்றை அடுக்கு சுலபமாக வேர்விடும்.

மண்ணுக்குள் வெள்ளையாக, வளைந்து சுருண்ட, தலை மட்டும் பழுப்பான கொழுத்த புழுக்கள் கிடந்தால் வேர்ப்புழு. மக்காத சாணத்தோடு வந்தது. கையால் பொறுக்கி எடுத்துவிட்டு மண்ணை முழுவதும் மாற்றுங்கள். சாணம் மண் வாசனை வரும்வரை மக்கிய பிறகே போட வேண்டும்.

## பூவிதழில் ஓட்டை

விடியற்காலையில் பாருங்கள். புழுவோ வெட்டுக்கிளியோ என்றால் கையால் எடுத்துவிடலாம். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட நீளமான வண்டு இதழைத் தின்றுகொண்டிருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் உடம்புச் சாறு பட்டால் தோல் கொப்புளிக்கும். கையுறை போட்டு, சோப்புத் தண்ணீருக்குள் தட்டிவிடுங்கள். அந்த வண்டு உட்கார்ந்த பூவை உணவுக்கு எடுக்க வேண்டாம், அந்தச் சாறு வயிற்றுக்குள் போனால் நஞ்சு. நல்ல பூவானாலும் கர்ப்பிணிகளும், ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தேநீராகக் குடிக்க வேண்டும்.

## ஆளைக் கேட்பது என்றால் யாரை?

வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம் பக்கத்தில் இருக்கும், முதலில் அங்கே போங்கள். அடுத்து உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 கட்டணமில்லாத எண், காலை 6 முதல் இரவு 10 மணிவரை தமிழிலேயே பேசலாம். மண்ணுக்கும் தண்ணீருக்கும் மாவட்ட மண் பரிசோதனை நிலையம். மண் அரை கிலோ, நிழலில் உலர்த்தியது. தண்ணீர் ஒரு லிட்டர், அதே தண்ணீரால் இரண்டு முறை அலசிய பாட்டிலில்.

செடியைக் காட்டப் போகும்போது காய்ந்த இலையைக் கொண்டுபோவதில் பயனில்லை. பாதி நல்லதும் பாதி கெட்டதுமாக இருக்கும் கிளையை அன்று காலையில் வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போங்கள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், முழுத்தொட்டி என்று மூன்று படம் கைபேசியில் இருக்கட்டும். இதுவரை என்ன ஊற்றினீர்கள், என்ன தெளித்தீர்கள் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். அவர்கள் மருந்துப் பெயர் எழுதும்போது, இந்தப் பூவை வீட்டில் சாப்பிடுகிறோம் என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர்கள் இதை அழகுச்செடி என்றே நினைத்து எழுதிவிட வாய்ப்புண்டு.